மண்டை ஓட்டுக்கு மாற்று: டைட்டானியமா, கண்ணாடி இழையா?

மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து என்னும் நிலையில், மருத்துவர்கள் மண்டை ஓட்டின் ஒரு பகுதியை அறுத்தெடுத்து விடுகிறார்கள். வீக்கம் வடிந்து சில வாரங்களோ மாதங்களோ ஆனபின் அந்த இடத்தை மூடியாக வேண்டும். எடுத்த எலும்பையே திரும்ப வைப்பதுதான் வழக்கம். அது கரைந்துபோனாலோ சீழ் பிடித்தாலோ செயற்கைத் தகட்டைத் தேட வேண்டியிருக்கிறது. பல காலமாகப் புழக்கத்தில் இருப்பது டைட்டானியம் வலைத்தகடு. பின்னால் வந்தது, பின்லாந்தின் துர்க்கு நகரில் உருவான கண்ணாடி இழைக் கூட்டுப்பொருள். இரண்டில் எது வலுவானது என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் டைட்டானியம் என்பார்கள். உலோகத்தைப் பொறுத்தவரை அது சரி. தலையில் பொருத்தும் தகட்டைப் பொறுத்தவரை சரியல்ல.

ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதைக் காட்டும் அளவு யங் குணகம். டைட்டானியத்துக்கு அது ஏறத்தாழ 110 ஜிகாபாஸ்கல். கெட்டியான எலும்புக்கு அது 10 முதல் 20 வரைதான். கூட்டுப்பொருளில் உள்ள பிசினுக்கோ 3 அளவில்தான் இருக்கும். அதற்குள் ஓடும் கண்ணாடி இழைக்கு 70க்கு மேல். ஆனால் ஒரு தகடு வளையாமல் நிற்பதற்குப் பொருளைவிடத் தடிமன்தான் பெரிதும் உதவுகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். 0.6 மி.மீ. டைட்டானியத் தகட்டையும், மண்டை எலும்பின் கனத்துக்கு 6 மி.மீ. வார்த்த, இழையே சேர்க்காத வெறும் பிசின் தகட்டையும் எடுத்துக்கொள்வோம். குணகத்தோடு தடிமனை மூன்று முறை பெருக்கினால் முதலாவதற்குச் சுமார் 24, இரண்டாவதற்கு 648 வருகிறது. விறைப்புக் குறைந்த பொருளால் ஆன தகடு 27 மடங்கு விறைப்பாக நிற்கிறது! வலைத்தகட்டில் துளைகள் வேறு இருக்கின்றன. இது தட்டையான தகட்டுக்கான கணக்கு. மண்டையின் குவிந்த வடிவம் இரண்டுக்குமே கூடுதல் பலம் தரும்.

நம் மண்டை ஓடும் இதே சூத்திரத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது. வெளியே ஒரு கெட்டி அடுக்கு, உள்ளே ஒரு கெட்டி அடுக்கு, நடுவில் பஞ்சுபோன்ற எலும்பு. துர்க்குக்காரர்கள் அதை அப்படியே பின்பற்றினார்கள். மேலும் கீழும் இழை அடுக்கு, இடையில் எஸ்53பி4 என்னும் உயிர்வினைக் கண்ணாடித் துகள்கள். பெயரில் உள்ள 53 அதிலுள்ள சிலிக்காவின் சதவீதம். இந்தத் துகள்கள் உடல் நீரில் மெல்லக் கரைந்து காரத்தன்மையைக் கூட்டுகின்றன. கிருமிகளுக்கு அது ஒத்துவராது, புது எலும்புக்கு ஒத்துவரும். பிசினும் நமக்குப் புதிதல்ல. பல் சொத்தையை அடைக்கும் வெள்ளைப் பூச்சில் இருக்கும் அதே வகை. பல் மருத்துவத்திலிருந்துதான் இந்தத் தொழில்நுட்பமே தலைக்கு ஏறியது.

கூட்டுப்பொருளின் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. துகள்கள் கரையக் கரைய நடுவில் வெற்றிடம் உண்டாகும். சுமை முழுவதையும் இரண்டு இழை அடுக்குகளே தாங்க வேண்டும். பிசின் நீரை உறிஞ்சி இளகும். இழையும் பிசினும் ஒட்டியிருக்கும் இடத்தையும் நீர் அரிக்கும். ஆகவே உலர்ந்த நிலையில் எடுத்த வலிமை அளவை நம்பி முடிவெடுக்கக் கூடாது. 37 டிகிரி வெப்பத்தில் உடல் நீரை ஒத்த கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்துச் சோதிக்க வேண்டும். டைட்டானியத்துக்கு இந்தக் கவலை இல்லை. அதன் மேல் தானாகவே படியும் ஆக்சைடு படலம் அரிமானத்தைத் தடுத்துவிடும்.

தகடு உள்ளிருந்து தாங்க வேண்டிய சுமை அற்பம். கபால உள்ளழுத்தம் 15 மி.மீ. பாதரசம் என்று வைத்துக்கொண்டாலும், 100 சதுர செ.மீ. பரப்பில் அது இரண்டு கிலோ எடைக்குச் சமம். உண்மையான சோதனை கீழே விழும்போதுதான். அடி பலமாக விழுந்தால் மெல்லிய டைட்டானியம் உடையாது, குழிந்துவிடும். குழிந்தது அப்படியே மூளைப் பக்கம் நிற்கும். இழைத் தகடு ஓர் எல்லைவரை வளைந்து மீளும். எல்லை மீறினால் விரிசல் விடும். ஆனாலும் இழைகள் துண்டுகளைப் பிடித்துவைத்திருக்கும். வெறும் அக்ரிலிக் தகடுபோல அது சில்லுகளாகச் சிதறாது. விழுந்தால் எப்படிச் சேதமாகும் என்பதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். அந்த வகையில் கூட்டுப்பொருளே மேல். எந்தத் தகடானாலும் திருகு பிடிக்கும் விளிம்பைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சுமை குவியும் இடம் அதுதான்.

ஆயினும் டைட்டானியத்துக்கு 1960களிலிருந்து அனுபவம் இருக்கிறது. அறுவை மேசையிலேயே வெட்டி வளைக்கலாம். கூட்டுப்பொருளை சி.டி. ஸ்கேன் பார்த்து முன்கூட்டியே செய்ய வேண்டும். நோயாளிகளிடம் பயன்படுத்திய காலமும் குறைவு. மறுபக்கம், உலோகம் ஸ்கேன் படங்களில் நிழலடிக்கும், கதிர்வீச்சைச் சிதறடிக்கும். வலையின் மேல் தோல் மெலிந்து தகடு வெளியே தெரிவதும் உண்டு.

மூளைக் கட்டிக்காகக் கதிர்வீச்சும் தொடர் ஸ்கேனும் தேவைப்படுபவருக்கு, கிடைக்குமானால் கூட்டுப்பொருளையே நான் சொல்வேன். சிறிய ஓட்டைக்கும் அவசர அறுவைக்கும் டைட்டானியம் போதும். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறுவை நடக்கவிருந்தால், தகடு எந்தப் பொருள் என்பதோடு, எத்தனை மி.மீ. தடிமன், எத்தனை மாதம் ஊறவைத்துச் சோதித்தது என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.