அமீர் மஹால்: அலுவலகம் அரண்மனையான கதை

சென்னை இராயப்பேட்டையில் பாரதி சாலை வழியாகப் போகிறவர்கள் செந்நிறக் கோபுரங்கள் கொண்ட ஒரு பெரிய வாசலைப் பார்த்திருப்பார்கள். ஆற்காடு இளவரசர் குடும்பம் இன்றும் வாழும் அமீர் மஹால் அதுதான். நவாப் கட்டிய அரண்மனை என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 1798-இல் இது கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகக் கட்டடமாக எழுந்தது.

நவாப் கட்டியது கடற்கரையோரச் சேப்பாக்கம் அரண்மனை. முஹம்மது அலி வாலாஜா 1768-இல் அங்கே குடியேறினார். திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலும் (1795) அவருடைய குடும்பத்தின் கொடைதான். 1801 உடன்படிக்கையில் கர்நாடகத்தின் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போனது. நவாபுக்குப் பட்டமும் உதவித்தொகையும் மட்டும் மிஞ்சின. 1855-இல் நவாப் குலாம் கௌஸ் கான் பிள்ளையின்றி மறைந்தார். சிற்றப்பா அஸீம் ஜா உரிமை கோரியும், வாரிசு இல்லை என்று சொல்லி ஆங்கிலேயர் பட்டத்தையே ஒழித்தார்கள். அரண்மனை ஏலத்துக்கு வந்தது. வாங்கியதும் அரசாங்கமே! ஏலம் என்ற பெயரில் நடந்த பறிமுதல் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

அஸீம் ஜா விடவில்லை. வழக்கு, மனு, முறையீடு என்று ஆண்டுகள் ஓடிய பின், 1867-இல் விக்டோரியா அரசி அவருக்கு 'அமீரே ஆற்காட்' என்ற பட்டத்தை வழங்கினார். பட்டம் கிடைத்தது, சேப்பாக்கம் கிடைக்கவில்லை. குடும்பம் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ஷாதி மஹாலில் இருந்தது. அது போதாமல், இராயப்பேட்டைக் கட்டடத்தை அரசு ஒதுக்கித் தந்தது. 1876-இல் அங்கே குடியேறினார்கள்.

அலுவலகத்தை அரண்மனையாக மாற்றியவர் கட்டடக் கலைஞர் இராபர்ட் சிஷோம். சேப்பாக்கம் அரண்மனையின் ஹுமாயூன் மஹால், கலஸ் மஹால் இரண்டுக்கும் நடுவே கோபுரம் எழுப்பி, அதை அரசு அலுவலகமாக்கியவரும் இவரே. நவாபின் வீடு அலுவலகமானது, அலுவலகம் நவாப் குடும்பத்தின் வீடானது. இரண்டு மாற்றத்திலும் ஒரே கை. கூர்வளைவு, மினாரா, குவிமாடம் என்று ஆங்கிலேயர் பின்னாளில் கட்டிய இந்தோ சாரசெனிக் பாணிக்கு அடிப்படை நம் முன்னோரின் கட்டடக் கலைதான். அருகிலுள்ள பல்கலைக்கழக செனட் இல்லமும் சிஷோம் கட்டியதே.

அமீர் மஹால் வாசல் கோபுரங்களில் நகாரா முழங்குவதற்கென்றே 'நகார்கானா' இருக்கிறது. ஏறத்தாழ 14 ஏக்கர் வளாகம். உள்ளே தர்பார் மண்டபத்தில் முன்னோரின் ஓவியங்கள், பல்லக்குகள். பராமரிப்பு மத்தியப் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. இது வாழும் வீடு என்பதால் அனுமதியின்றி நுழைய முடியாது.

சேப்பாக்கத்தின் கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீக்கிரையாகி, பிறகு புதுப்பிக்கப்பட்டது. சிகிச்சைக்கோ விமானம் ஏறவோ நாமக்கல், எருமப்பட்டிப் பக்கமிருந்து சென்னை வருகிறவர்கள், பிள்ளைகளுக்கு முதலில் சேப்பாக்கத்தையும் பிறகு இராயப்பேட்டை வாசலையும் காட்டலாம். இடையில் பெரிய பள்ளியில் ஒரு வேளை தொழுகையும் கிடைக்கும்.