ஓர் அழைப்பு, ஒரு கணக்கு

1886 மே 4 இரவு சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்துக்குத் தொழிலாளரை அழைத்த துண்டறிக்கை ஒன்று. 1853–54 கதவடைப்பின்போது இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகர நெசவாளர் குழு வாரந்தோறும் அச்சிட்ட வரவு-செலவுத் தாள் மற்றொன்று. வேலைநிறுத்தக் காகிதங்களைச் சேகரிப்பவர்கள் இவ்விரண்டையும் ஒரே உறையில் வைப்பது அரிது. முன்னது கூவி அழைக்கிறது. பின்னது எந்த ஊர், எந்த ஆலை எவ்வளவு தந்தது என்று கூட்டிக் காட்டுகிறது. முன்னதற்கு ஆயுள் ஒரு மாலை. பின்னதற்கு ஒரு வாரம்.

மிரட்டல் எதில் இருக்கும்? அழைப்பில்தான் என்று தோன்றும். அதற்கேற்ப, துண்டறிக்கையை அச்சுக்குத் தந்த அடால்ஃப் ஃபிஷர் ஆயுதத்தோடு வரச்சொல்லும் வரி ஒன்றைச் சேர்த்திருந்தார். அந்த வரி இருந்தால் மேடையேற மாட்டேன் என்றார், அன்று பேச அழைக்கப்பட்டிருந்த ஆகஸ்ட் ஸ்பீஸ். அச்சு நிறுத்தப்பட்டது, வரி நீங்கியது. ஏறத்தாழ 20,000 படிகளில் அந்த வரியோடு வெளியேறியவை சில நூறுதான்.

பிரெஸ்டன் கணக்கிலோ மிரட்டலை நீக்க யாரும் முனையவில்லை. நன்கொடைப் பட்டியலின் நடுவே, காசு தராதவர்களைப் பட்டப்பெயரால் சுட்டி, அடையாளத்தை அம்பலப்படுத்துவோம், காலை நேராக்குவோம் என்றெல்லாம் கிண்டலாக எச்சரிக்கும் வரிகள் வருகின்றன. கணக்குத் தாளுக்கு இவ்வளவு வாய்த்துடுக்கா! பக்கத்துத் தறியில் வேலை செய்பவரைத்தான் குறிக்கிறது என்பதால், அந்தச் சிரிப்பில் உறைப்பும் அதிகம்.

இரண்டையும் காப்பாற்றியவர்கள் வெளியார் என்பதே எதிர்பாராத உறவு. சிகாகோ அறிக்கையை, அந்தக் கூட்டத்தில் குண்டு வெடித்ததை அடுத்து நடந்த வழக்கில் அரசுத் தரப்பு சான்றாவணமாக்கியது. அவ்வழக்கில் ஸ்பீஸும் ஃபிஷரும் 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்டனர். பிரெஸ்டனுக்கு நேரில் போன சார்லஸ் டிக்கன்ஸ், அந்தக் கணக்குத் தாளின் வரிகளை 1854 பிப்ரவரியில் தம் வார இதழ்க் கட்டுரையில் எடுத்தாண்டார். ஒன்றைப் பகையும் மற்றொன்றை எழுத்தாளரின் ஆர்வமும் பிழைக்கவைத்தன.

இன்னொரு சங்கடமான ஒற்றுமையும் உண்டு. அரசு வழக்கறிஞர் தேடியதும் இன்றைய சேகரிப்பாளர் தேடுவதும் ஒன்றே: அந்த நீக்கப்பட்ட வரி உள்ள படி. ஒருவருக்கு அது குற்றத்துக்குச் சாட்சி, மற்றவருக்கு அருமைக்குச் சாட்சி. சிகாகோ அறிக்கையின் நகல்கள் பல நூல்களில் வந்துவிட்டதால், ஈய எழுத்து அழுந்திய தடம் காகிதத்தில் தெரிகிறதா என்று வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்ப்பது இன்றியமையாதது. பிரெஸ்டன் தாளைப் போலியாக அச்சிட யாருக்கும் பெரிய ஆசை இருக்காது. எனக்கு வாய்ப்பிருந்தால் அந்தக் கணக்கைத்தான் தேர்ந்தெடுப்பேன்; தூக்குமேடையின் நிழல் அதன் விலையை ஏற்றிவிடவில்லை.