சலாம் பாலக் அறக்கட்டளை

சலாம் பாலக் அறக்கட்டளை என்பது தெருவிலும் ரயில் நிலையங்களிலும் வாழும் சிறுவர், சிறுமியர், பதின்ம வயதினர் ஆகியோருக்கு ஆதரவளிக்கும் இந்தியத் தொண்டு நிறுவனம்; இதன் தலைமையிடம் தில்லி.

தோற்றம்: மும்பைத் தெருச் சிறுவர்களைப் பற்றி மீரா நாயர் இயக்கிய 'சலாம் பாம்பே!' (1988) திரைப்படத்தின் வருவாயைக் கொண்டு 1988இல் நிறுவப்பட்டது. இயக்குநரின் தாயார் பிரவீண் நாயர் தில்லிப் பணிக்குத் தலைமையேற்றார். புது தில்லி ரயில் நிலையத்தில் பணி தொடங்கியது. இதே பெயரில் மும்பையிலும் ஓர் அமைப்பு இயங்குகிறது.

அமைப்பு: பணிகள் இரு நிலைகளில் அமைகின்றன. ரயில் நிலையங்களை ஒட்டிய தொடர்பு மையங்கள் முதல் நிலை. வீட்டை விட்டு ஓடிவந்த சிறார் இவற்றுக்குப் பகலில் வந்து உணவு, குளியல், மருத்துவ உதவி, உளவள ஆலோசனை, முறைசாராக் கல்வி ஆகியவற்றைப் பெறலாம். சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் தனித்தனியான உறைவிட இல்லங்கள் இரண்டாம் நிலை. பள்ளிக் கல்வி, திறந்தநிலைக் கல்வி, தொழிற்பயிற்சி, நாடகம், பொம்மலாட்டம் ஆகியவையும் அளிக்கப்படுகின்றன.

சட்டப் பின்னணி: இத்தகைய சிறாருக்குப் பொருந்தும் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பும் பாதுகாப்பும்) சட்டம், 2015இன்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். குடும்பத்திடம் ஒப்படைப்பதா, இல்லத்தில் சேர்ப்பதா என்பதை அக்குழுவே முடிவு செய்கிறது. குறுகிய காலம் தங்குவதற்கான திறந்தநிலைக் காப்பகங்களுக்கும் இச்சட்டம் வகை செய்கிறது.

சிறப்பு: தில்லியின் பகாட்கஞ்ச் பகுதியில் இவ்வமைப்பு நடத்தும் நகர் நடைப் பயணங்களுக்கு முன்னாள் தெருச் சிறார் வழிகாட்டுகின்றனர். இதன்வழி அவர்களுக்கு மொழிப் பயிற்சியும் வருவாயும் கிடைக்கின்றன.