பேச்சைக் கேட்காமலே வாழ்க்கையை அறியலாம்: அவுஸ்திரேலியாவின் தரவுச் சேமிப்புச் சட்டம்

மெல்பேர்னில் வசிக்கும் உறவினர் ஒருவருடன் உரையாடியபோது, தொடர்பாடல் விபரங்களைச் சேமித்து வைக்கும் அந்நாட்டுச் சட்டம் பற்றிப் பேச்சு வந்தது. “நான் கதைக்கிறதை ஒருவரும் பதிவு செய்யிறதில்லையே, பிறகென்ன?” என்று கேட்டார். பலருடைய எண்ணமும் இதுதான். பேச்சு பதிவாகாததால் அந்தரங்கம் காக்கப்பட்டுவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

2015இல் நிறைவேற்றப்பட்ட இச்சட்டம் அவ்வாண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தொலைபேசி மற்றும் இணையச் சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர் அனைவரது தொடர்பு விபரங்களையும் இரண்டு ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். உரையாடலின் உள்ளடக்கமும் பார்வையிட்ட இணையத்தளங்களின் பட்டியலும் இதில் அடங்காது. யார் யாரை அழைத்தார், எப்போது, எவ்வளவு நேரம், கைத்தொலைபேசி எந்தக் கோபுரத்துடன் இணைந்திருந்தது, எந்த ஐ.பி. முகவரி யாருக்கு வழங்கப்பட்டிருந்தது என்பன அடங்கும்.

ஒரு தொழிலாளி காலையில் தொழிற்சங்கத்தையும், மதியம் சட்டத்தரணியையும், மாலையில் ஊடகவியலாளரையும் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பேசிய ஒரு சொல்லும் தெரியாமலே, என்ன நடக்கிறது என்று ஊகித்துவிடலாம். புனைபெயரில் கருத்து எழுதுபவரின் நிலையும் இதுவே. இணையத்தளத்தில் பதிவாகும் ஐ.பி. முகவரியை, சேவை நிறுவனத்திடமுள்ள பதிவுடன் ஒப்பிட்டால் இணைப்பின் உரிமையாளர் தெரிந்துவிடுவார்.

இது வெறும் கற்பனை அல்ல. ஜேர்மனியின் பசுமைக் கட்சி அரசியல்வாதி மால்ட்ட ஸ்பிட்ஸ், வழக்குத் தொடர்ந்து தன்னுடைய ஆறு மாத விபரங்களைத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து பெற்றார். அவற்றில் 35,000க்கும் அதிகமான பதிவுகள் இருந்தன. 2011இல் ‘டி சைட்’ பத்திரிகையின் இணையத்தளம் அவற்றை வரைபடத்தில் இட்டபோது, அவர் எங்கு உறங்கினார், எந்தப் பாதையில் பயணித்தார் என்பதெல்லாம் தெரிந்தது.

அவுஸ்திரேலியாவில் இந்த விபரங்களைப் பெறப் பொதுவாக நீதிமன்ற ஆணை தேவையில்லை; விசாரணை அமைப்பின் உயரதிகாரி அனுமதித்தால் போதும். ஊடகவியலாளரின் தகவல் மூலத்தைக் கண்டறிவதற்கு மட்டும் விசேட பிடியாணை வேண்டும். அந்தப் பாதுகாப்பும் மீறப்பட்டது. ஊடகவியலாளர் ஒருவரின் அழைப்பு விபரங்களைத் தமது அதிகாரிகள் பிடியாணையின்றிப் பெற்றதாக 2017 ஏப்ரலில் சமஷ்டிப் பொலிஸ் ஒப்புக்கொண்டது.

குற்ற விசாரணைகளுக்கு இவ்விபரங்கள் உதவுகின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால், சந்தேக நபருடைய விபரங்களைத் தேடுவது வேறு; சந்தேகமே இல்லாத கோடிக்கணக்கானோரின் விபரங்களை முன்கூட்டியே சேர்த்து வைப்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கருத்திற்கொண்டே ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், 2006ஆம் ஆண்டின் தரவுச் சேமிப்புப் பணிப்புரை செல்லாது என 2014 ஏப்ரல் 8ஆம் திகதி தீர்ப்பளித்தது.

மறைகுறியாக்கம் உள்ள செயலிகள் பேச்சின் உள்ளடக்கத்தைக் காக்கும். ஆனால் கைத்தொலைபேசி எந்தக் கோபுரத்தின் கீழ் இருந்தது என்பதை அவை மறைப்பதில்லை. ஆகவே, செயலியை மாற்றுவது மட்டும் போதாது. எதைச் சேமிக்கலாம், எவ்வளவு காலம், யாருடைய அனுமதியுடன் பார்க்கலாம் என்பதைச் சட்டம் கட்டுப்படுத்தினால்தான் சாதாரண பயனருக்குப் பாதுகாப்பு உண்டு.