ஆபத்தில் உதவியோரின் பெயர்கள்

அரசர் பெற்ற வெற்றிகளைப் பொறித்து வைப்பது எந்நாட்டிலும் வழக்கம். அரசர் தோற்று ஓடியபோது அவருக்கு அன்னமிட்டோர் பெயரைக் காத்து வைத்த நூல்கள் சிலவே. எபிரேய வேதம் அவற்றுள் ஒன்று.

மகன் அப்சலோம் கலகஞ் செய்யவே, தாவீது அரசர் எருசலேமை விட்டு வெறுங்காலோடு வெளியேறினார். அவ்வேளையில் காத் நகரத்து ஈத்தாய் தம் மக்களோடு வந்து உடன் நின்றார். அவரே நாடிழந்து வந்த அந்நியர். திரும்பிப் போகுமாறு அரசர் சொல்லியும் அவர் இசையவில்லை. யோர்தானுக்கு அப்பால் மக்னாயீமில் அம்மோனியராகிய சோபி, லோதேபார் ஊர் மாகீர், கீலேயாத்தியராகிய பர்சிலா ஆகிய மூவரும் படுக்கை, மண்பாண்டம், கோதுமை, பயறு, தேன் முதலியன கொண்டுவந்து பசியாற்றினர். கொடுத்தவர் பெயரும் கொடுத்த பொருளும் சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் வரிசையாக உள்ளன. அந்நூலிலேயே தாவீதின் வீரர் 37 பேரின் பட்டியலும் உண்டு. அதன் இறுதிப் பெயர் ஏத்தியராகிய உரியா. தாவீதின் வஞ்சகத்தால் மாண்டவர் அவர். அரசருக்கு இழுக்காயினும் அப்பெயர் நீக்கப்படவில்லை.

மீண்ட அரசர் பர்சிலாவை அரண்மனைக்கு அழைத்தார். 80 வயது முதியவராகிய அவர், தாய் தந்தையர் கல்லறை அருகே சாகவே விரும்பினார். தாவீதோ மரணப்படுக்கையிலும் அவரை மறவாமல், அவர் மக்களைத் தம் பந்தியில் அமர்த்துமாறு சாலொமோனுக்குக் கட்டளையிட்டார்.

பர்சிலாவின் வழியில் பெண்ணெடுத்த ஆசாரியர் ஒருவர் அப்பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் பாபிலோனிலிருந்து திரும்பியோருள் அவர் மரபினரும் இருந்தனர். வம்ச ஏட்டில் தேடியும் அவர்கள் பதிவு கிடைக்காமையால் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டனர் என்கிறது எஸ்றாவின் நூல். ஏடு இழந்தோர் படும் துன்பத்தை அகதிகளாகிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

நம் முன்னோர் நடுகல் நாட்டி, வீழ்ந்த வீரரைப் போற்றினர். அக்கடமையின் அண்மைக்கால வடிவத்தை யாங்கோனின் மிங்கலாடோன் வட்டாரத்தில், தாவுக்கியான் போர்க் கல்லறையில் காணலாம். இரண்டாம் உலகப் போரில் இறந்த 6,374 பேர் அங்கே அடக்கம் பெற்றுள்ளனர். கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் நினைவுத் தூண்களில் உள்ளன. இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஆங்கிலேயரும் அப்பட்டியலில் ஒருங்கே நிற்கின்றனர்.

அதே போரில், 1942-ஆம் ஆண்டு, பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வெளியேறினர். பல்லாயிரவர் வழியில் மாண்டனர். அவருள் தமிழரும் பலர். அவர்கள் பெயரைத் தாங்கிய தூண் இல்லை. வழியில் தண்ணீர் தந்தவர், நோயாளியைச் சுமந்தவர், குழந்தைக்குக் கஞ்சி வார்த்தவர் ஆகியோருக்கும் கல் இல்லை.

கல் நாட்ட நம்மிடம் பொருள் இல்லை. ஆயினும் ஒரு நோட்டுப் புத்தகம் எவ்வீட்டிலும் உண்டு. முதியோர் நினைவோடு இருக்கும்போதே, நம் குடும்பத்திற்கு ஆபத்தில் உதவியவர் பெயர், ஊர், செய்த உதவி ஆகியவற்றை ஆண்டுடன் எழுதி வைப்போம். அவர் எவ்வினத்தவராயினும், எம்மதத்தவராயினும் எழுதுவோம். பெயர் தெரியாதெனில் உதவியையேனும் குறிப்போம். பர்சிலாவின் பயறும் தேனும் எழுதப்பட்டமையாலன்றோ இன்று நாம் அவரை அறிகிறோம்!