வேலிக்குள் விழ வேண்டிய பந்து

கோல்ஃபில் முதல் அடிக்கு எடுக்கும் நீளமான மட்டைக்கு டிரைவர் என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அதன் தலை மரம்தான். பெர்சிமன் என்ற அந்த அமெரிக்க மரம் நம் கருங்காலிக்குப் பங்காளி. தாவரவியல் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற கட்டையைச் செதுக்கி, அடியில் பித்தளைத் தகடு பதித்து, பந்து படும் முகத்தில் ஒரு சில்லை வைத்துத் திருகாணி முடுக்கி, கழுத்தில் மெழுகு நூலை நெருக்கமாகச் சுற்றி வார்னிஷ் பூசுவார்கள். மரம் ஈரம் குடிக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழை பார்க்கிற ஊரில் அதைக் காப்பாற்றுவதே தனி வேலை. கட்டை உப்பும், நூல் தளரும், வார்னிஷ் விட்டுப்போகும். 1979ல் கேரி ஆடம்ஸ் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கி எஃகுத் தலை வைத்த டிரைவரை விற்கத் தொடங்கினார். 1991ல் கேலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா வந்தது. அதன் தலை 190 கன சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு கிரிக்கெட் பந்தளவு. அதைப் பெரிது என்று உலகமே வியந்தது. 1995ல் டைட்டானியத்தில் 250, 1997ல் 290 என்று தலை வளர்ந்துகொண்டே போக, அமெரிக்க கோல்ஃப் சங்கமும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்டு ஏ அமைப்பும் 2004ல் 460 என்று வரம்பு கட்டின. 460 என்றால் நல்ல திரட்சியான மாதுளம்பழம். இத்தனை வளர்ச்சியிலும் எடை மட்டும் ஏறவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் தலையின் எடை 200 கிராமை ஒட்டித்தான்.

இந்த மாதுளையால் வாரக்கடைசியில் ஆடுகிற சாதாரண ஆட்டக்காரருக்கு உண்மையில் லாபம் உண்டா என்பது பழைய சர்ச்சை. நீளத்தைக் காட்டி விற்றதால், லாபத்தையும் எல்லாரும் நீளத்திலேயே தேடுகிறார்கள். சென்னையின் தென்பகுதியை வைத்துப் பார்த்தால் விடை வேறு இடத்தில் கிடைக்கிறது என்பது என் கட்சி. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, அந்தத் தண்டவாளத்தின் இருபுறமும் வயலும் ஏரியும் மனைகளாயின. இன்று அந்த வழியில் பெரிய வெட்டவெளி என்று மிஞ்சியிருப்பதெல்லாம் ஏதோ ஒரு நிறுவனம் வேலி போட்டுக் காத்த இடம்: கிண்டி தேசியப் பூங்கா, குதிரைப் பந்தய மைதானம், பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி, மீனம்பாக்கம் விமான நிலையம், 1937ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த கிறித்தவக் கல்லூரியின் காடு, தாம்பரம் விமானப்படைத் தளம். இந்தப் பக்கத்தில் கோல்ஃப் தனக்கென்று நிலம் தேடி வளர்ந்த ஆட்டமே இல்லை. வேறொன்றுக்காகப் போட்ட வேலிக்குள் ஒண்டிக்கொண்டது. 1884ல் வெள்ளையர் தொடங்கிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் கிண்டியில் குதிரைப் பந்தய வளையத்துக்கு உள்ளேயே 18 குழிகளோடு அமைந்தது. பரங்கிமலையில் ஆட்டம் ராணுவ வளாகத்துக்குள். 1873ல் தொடங்கிய காஸ்மோபாலிடன் கிளப் ஆடுகிற நந்தனம் மைதானத்தையும் நகரம் நாலு பக்கமும் நெருக்கி நிற்கிறது. இந்த மைதானங்களில் எதையும் இன்னும் நூறு கெஜம் பின்னால் தள்ள முடியாது. ஆகவே இங்கே டிரைவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பந்து எத்தனை கெஜம் போகிறது என்பதல்ல, வேலிக்குள் விழுகிறதா என்பதுதான்.

பெரிய தலை அதற்கு எப்படி உதவுகிறது? தோளில் காவடித்தண்டு வைத்து இரண்டு பக்கமும் தண்ணீர்க் குடம் தொங்கவிட்டு நடப்பவரைப் பாருங்கள். அதே குடங்களை மார்போடு அணைத்துக்கொண்டால் சட்டென்று திரும்பிவிடுவார். தண்டின் இரு முனையில் தொங்கும்போது அவரைத் திருப்புவது கடினம். எடை ஒன்றுதான், அது எங்கே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். மரத்தலை முழுக்கட்டை, எடை நடுவில் திரண்டிருக்கும். பந்து நட்ட நடுவில் படாமல் விரற்கடை தள்ளிப் பட்டால் தலை கைக்குள்ளேயே முறுக்கிக்கொள்ளும், பந்தும் வலுவிழந்து ஓரமாகப் போகும். உள்ளே கூடாக இருக்கும் 460ல் எடை ஓரங்களுக்கும் பின்புறத்துக்கும் போய்விடுகிறது. காவடி போலவே அதுவும் எளிதில் திரும்பாது. எஃகில் இவ்வளவு பெரிய கூடு செய்தால் கனம் தாங்காது அல்லது தகடு நசுங்கும். எஃகை விட மிக இலேசான டைட்டானியம் வந்த பிறகே இது கைகூடியது. (அந்த உலோகத்தின் தாதுவான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் கிடைக்கிறது.) இந்தத் திரும்பாமைக்கும் 2006ல் ஓர் எல்லை வகுத்தார்கள். தலையின் சுழற்சித் தடையை அளந்து 5,900 கிராம்-சதுர சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்றார்கள். விதி செய்கிறவர்கள் பயந்து வரம்பு கட்டும் அளவுக்கு அந்த உதவி மெய்யானது.

நீளத்தின் கணக்கையும் பார்த்துவிடலாம். பிரிட்டனில் சாதாரண ஆண் ஆட்டக்காரர்களை ஆர் அண்டு ஏ ஆண்டுக்கணக்காக அளந்து வந்தது. 1996ல் அவர்களுடைய டிரைவரின் சராசரி சுமார் 200 கெஜம்; 2019ல் சுமார் 216. அதே காலத்தில் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளின் சராசரி 266லிருந்து 294க்குப் போனது. இந்த 16க்கும் 28க்கும் உள்ள இடைவெளியைக் காட்டி, லாபம் முழுக்கத் தொழில்முறைக்காரர்களுக்கே என்று முடிப்பவர்கள் உண்டு. விகிதத்தில் பார்த்தால் ஒன்று 8 சதவீதம், மற்றது பத்தரை, அவ்வளவு தூரமில்லை. இன்னொன்றும் உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர்கள் 2000ஐ ஒட்டித்தான் ரப்பர் நூல் சுற்றிய பந்தைக் கைவிட்டுக் கெட்டிப் பந்துக்கு மாறினார்கள். அவர்கள் ஏற்றத்தில் பந்துக்குப் பெரிய பங்கு உண்டு, உடற்பயிற்சிக்கும் உண்டு. சாதாரண ஆட்டக்காரரில் பலர் எளிதில் கிழியாத இரண்டடுக்குக் கெட்டிப் பந்தை 1970களிலேயே வாங்கத் தொடங்கிவிட்டார்கள். 1996க்குப் பிறகு அவர்களுக்கு வந்த கெஜத்தில் பந்தின் பங்கு குறைவாகவும் மட்டையின் பங்கு அதிகமாகவும்தான் இருக்க வேண்டும். அவர்கள் பெற்றதில் பெரும்பகுதி 2005க்குள்ளேயே வந்து சேர்ந்தது, அதாவது தலை வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே. வரம்பு கட்டிய பிறகு ஏற்றமும் நின்றது. மட்டையின் தண்டு எஃகிலிருந்து கிராஃபைட்டுக்கு மாறி இலேசானதும் இந்தக் காலத்தில்தான். அதன் பங்கையும் கழிக்க வேண்டும். கழித்தாலும் தலைக்கு ஏதோ மிஞ்சும்.

ஆனால் மிஞ்சும் அந்தச் சில கெஜத்தின் மதிப்பென்ன? 380 கெஜக் குழியில் இரண்டாவது அடிக்கு ஒரு மட்டை குறைத்து எடுக்கலாம், அவ்வளவுதான். எல்லைக்கு வெளியே போன பந்தின் விலையோ வேறு. ஒரு அடி அபராதம், மறுபடி பழைய இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். வளையத்துக்குள் அடைத்த மைதானத்தில் ஒரு நாளில் இப்படி இரண்டு பந்தைக் காப்பாற்றினால், கெஜக்கணக்கில் ஈட்டியதை விட அது பெரிய சம்பாத்தியம். டிரைவர் விளம்பரங்கள் இதையும் சொல்லாமலில்லை. கெஜத்துக்கு அடுத்த வரியில் சொன்னதால் யார் காதிலும் விழவில்லை.

மறுப்புகளில் ஒன்றை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். தலை பெரிதானபோது தண்டும் நீண்டது. 43 அங்குலத்தை ஒட்டி இருந்த டிரைவர் இன்று கடையில் 45க்கு மேல்தான் கிடைக்கிறது. நீளம் கூடிய தண்டில் பந்தை நடுவில் பிடிப்பது கடினம். தலை கொடுத்ததைத் தண்டு பிடுங்கிக்கொள்கிறது. டைகர் வுட்ஸ் தன் ஆரம்பகாலப் பெருவெற்றிகளில் வைத்திருந்தது 43.5 அங்குல எஃகுத் தண்டு. உலகிலேயே பலமாக அடித்தவர்களில் ஒருவர் குட்டைத் தண்டில் திருப்திப்பட்டபோது, சனிக்கிழமை ஆட்டக்காரர் ஒன்றரை அங்குலத்தை வெட்டித் தள்ளத் தயங்க வேண்டியதில்லை. பெரிய தலையும் குட்டைத் தண்டும் சேர்ந்தால்தான் இந்தக் கண்டுபிடிப்பின் முழுப்பலன்.

மரத்தலை ஆட்டக்காரனுக்கு வித்தை கற்றுக்கொடுத்தது, பெரிய தலை சோம்பேறியாக்குகிறது என்பது இரண்டாவது மறுப்பு. இதில் ஒரு மரியாதை இருக்கிறது, அதனால் பதிலும் மரியாதையாகச் சொல்ல வேண்டும். 1991ல் இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேர் டெல்லியில் மட்டைப்பை சுமக்கும் கேடியாக இருந்தவர். 2009ல் வென்ற முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். பிறர் மட்டையைச் சுமந்து, கிடைத்த மட்டையில் அடித்துப் பழகி மேலே வந்தவர்களின் கைத்திறனுக்கு முன்னால் எந்த டைட்டானியமும் சின்னதுதான். ஆனால் அவர்களுக்கு மைதானமே அன்றாடம். வாரத்துக்கு நான்கு மணிநேரம் ஒதுக்குகிறவருக்கு அந்தக் கல்வி கிடைக்க வழியில்லை. அவரிடம் சிறிய தலையைக் கொடுப்பது அவரைத் தண்டிப்பதாகுமே தவிர, கற்பிப்பதாகாது. ஸ்கோர் குறையவே இல்லை என்று சொல்பவர்களுக்கும் ஒன்று: அமெரிக்க ஆண் ஆட்டக்காரர்களின் சராசரி ஹேண்டிகேப் (குறையக் குறைய நல்லது) 1990களின் தொடக்கத்தில் 16க்கு மேல், இப்போது 14ஐ ஒட்டி. சின்ன இறக்கம்தான், இறக்கமே இல்லை என்பது சரியல்ல. நம் ஊரில் பெரிய தலை என்ற மாற்றம் தாமதமாகவும் சிலருக்கு மட்டுமாகவும் வந்தது. நுகர்பொருள் இறக்குமதியின் அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில்தான் முழுதாக விலகின.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. தூரம் போகும் பந்து நிலத்தைத் தின்கிறது. வெளிநாட்டில் பழைய மைதானங்களை நீட்டிக்கொண்டே போகிறார்கள். அதற்கு நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும். இந்தக் குற்றச்சாட்டு தொழில்முறை ஆட்டத்தின் மேல் செல்லும். 216 கெஜக்காரருக்காக எந்த மைதானத்தையும் யாரும் நீட்டவில்லை. கிண்டியில் அது நடக்கவும் முடியாது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டது. 1946லிருந்து 99 ஆண்டுக்கு, ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம் என்று எழுதிய குத்தகை அது. வழக்குகள் நடக்க, வெள்ளநீரைத் தேக்க அங்கே குளங்கள் வெட்டினார்கள். மழைக்கு மழை வேளச்சேரி மூழ்குவதைப் பார்த்தவர்கள் யாரும் அந்த நியாயத்தைக் குறைத்துப் பேச மாட்டார்கள். இந்த ரயில் பாதையோரம் கோல்ஃப் இனியும் இருக்க வேண்டுமானால், குறைந்த நிலத்தில் ஆடக்கூடிய ஆட்டமாகத்தான் இருக்க முடியும். அதற்குத் தோதான மட்டை, ஓரமாகப் பட்டாலும் பந்தை வேலிக்குள் வைத்திருக்கும் மட்டை. 2023 டிசம்பரில் கோல்ஃப் விதி செய்கிற அந்த இரு அமைப்புகளும் பந்தின் தூரத்தைக் குறைக்கும் புதிய விதியை அறிவித்து, 2030க்குள் எல்லாருக்கும் அது பொருந்தும் என்றன. அவர்கள் மதிப்பீட்டின்படி மிக நீளமாக அடிப்பவர்கள் 13 முதல் 15 கெஜம் இழப்பார்கள்; சாதாரண ஆட்டக்காரர் இழப்பது 5 கெஜம் அல்லது அதற்கும் குறைவு. டிரைவர் தலையின் 460ல் அவர்கள் கைவைக்கவில்லை.