ஒரு அலகு எங்க போச்சு? – யாழின் எண்களைத் தேடியவர்கள்

மட்டக்களப்பில பள்ளிக்கூடம் போன யாரையும் நிப்பாட்டி, "விபுலானந்த அடிகள் எழுதின நூல் என்ன?" எண்டு கேளுங்க. "யாழ்நூல்" எண்டு உடனே பதில் வரும். அந்த நூலுக்குள்ள என்ன இருக்கு எண்டு அடுத்த கேள்வியைக் கேட்டா, ஆளுக்காள் முகத்தைப் பாப்பம். நாங்களும் அப்பிடித்தான். சிலையைத் தெரியும், பிறந்த ஊர் காரைதீவு எண்டு தெரியும், சமாதி கல்லடியில இருக்கு எண்டு தெரியும். நூலைத் திறந்து பார்த்ததில்லை.

இந்த முறை திறந்தோம். திறந்த உடனே எங்களுக்குப் பயம் வந்தது. உள்ளே முழுக்கக் கணக்கு! நாங்க ஏழு பேரும் உயர்தரத்தில கலைப்பிரிவு. கணக்கிலிருந்து தப்பி வந்த ஆக்கள். ஆனா இது விட முடியாத கணக்கு எண்டு கொஞ்ச நேரத்திலயே விளங்கிச்சு. ஏனென்றால் இது ஒரு புதிர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்து, பல பேர் ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடங்கித் திறக்கப் பார்த்த எண் புதிர்.

புதிர் இதுதான். சங்க இலக்கியத்திலும் சிலப்பதிகாரத்திலும் யாழ் வருகிறது. பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரையாசிரியர் கணக்குச் சொல்கிறார். ஆனால் ஒரு யாழ்கூட வாசிக்கக்கூடிய நிலையில் நமக்கு வந்து சேரவில்லை. வாசிக்கிற பரம்பரையும் அறுந்துபோனது. அந்த இசை எப்படி ஒலித்தது என்பதற்கு மிச்சம் இருப்பது பாட்டுக்கும் உரைக்கும் நடுவில் ஒளிந்து கிடக்கிற சில எண்களும் சில ராசிப் பெயர்களும்தான்.

1892இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் பதிப்பித்தார். அதே 1892இல்தான் காரைதீவில் மயில்வாகனம் பிறந்தார். பின்னாளில் விபுலானந்தர். புதிரும் அதைத் தேடப்போகிறவரும் ஒரே வருசத்தில் வெளியில வந்தது தற்செயல்தான், ஆனா எங்களுக்குப் பிடிச்ச தற்செயல்.

முதல் பூட்டு: பன்னிரண்டு வீடு

பழந்தமிழ் இசையில் ஏழு சுரம்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, அவர்களுக்கு இந்த ஏழு பெயரையும் வைக்கிறாள். குரல் மாயவன், இளி பலராமன், துத்தம் நப்பின்னை. படிக்கும்போது அழகான ஒரு கூத்துக் காட்சி, அவ்வளவுதான் எண்டு தோணும். ஆனால் வட்டப்பாலை என்ற முறையில் இந்தச் சுரங்களுக்கு வீடும் குறிக்கப்பட்டிருக்கிறது. குரல் துலாத்தில், துத்தம் தனுசில், கைக்கிளை கும்பத்தில், உழை மீனத்தில், இளி இடபத்தில், விளரி கடகத்தில், தாரம் சிங்கத்தில்.

சாதகக் கட்டம் மாதிரி இருக்குதே எண்டு நாங்க முதல்ல சிரிச்சம். பிறகு ஒரு பின்னேரம் கல்லடிக் கடற்கரை மணலில் பெரிய வட்டம் கீறி, 12 ராசிக்கும் 12 வீடு பிரிச்சு, ஏழு பேரும் அவரவர் வீட்டில நிண்டு பாத்தம். துலாத்திலிருந்து தனுசுக்கு 2 வீடு. தனுசிலிருந்து கும்பத்துக்கு 2. கும்பத்திலிருந்து மீனத்துக்கு 1. பிறகு 2, 2, 1, 2. திரும்பவும் துலாம்.

2, 2, 1, 2, 2, 1, 2. எங்களில ஒரு ஆள் கொஞ்சம் கீபோட் வாசிக்கும். அவதான் முதல்ல கண்டுபிடிச்சா. கீபோட்டிலும் ஒரு வட்டத்துக்கு, அதாவது ஒரு ச-விலிருந்து மேல் ச வரைக்கும், வெள்ளையும் கறுப்புமாக 12 படி. வீட்டைப் படியாக எடுத்து போனில இருந்த கீபோட்டில அழுத்தினா. வந்தது அரிகாம்போதி. கோயில் திருவிழாவில நாதஸ்வரத்தில கேட்டுப் பழகின ஒலி. அந்த நேரம் ஒருத்தரும் பேசயில்லை.

இது தற்செயலாகப் பொருந்தியதா? அதைச் சரிபார்க்க உரையிலேயே இன்னொரு சாவி இருக்கிறது. எந்தச் சுரத்திலிருந்து எது பிறக்கிறது என்ற வரிசை: தாரத்தில் உழை, உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை. சிங்கத்தை விட்டுவிட்டு எண்ணுங்கள், 7ஆவது வீடு மீனம். தாரத்திலிருந்து உழை. மீனத்திலிருந்து 7ஆவது துலாம். உழையிலிருந்து குரல். ஆறு கண்ணியும் ஒன்று பிசகாமல் ஏழு ஏழு வீடாகவே போகிறது. ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரமும் ஏழு படிதான். ஆக, ராசி என்பது சோதிடம் இல்லை, சுருதியைக் குறித்துவைத்த முறை. முதல் பூட்டு திறந்தாச்சு.

இரண்டாவது பூட்டு: 22

சிக்கல் இனித்தான். வீட்டுக்கணக்கோடு இன்னொரு கணக்கும் உரையில் இருக்கிறது: அலகு. குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2. கூட்டினால் 22. பரதரின் நாட்டிய சாத்திரத்திலும் 22 சுருதிதான்: ச 4, ரி 3, க 2, ம 4, ப 4, த 3, நி 2. அதை ம-விலிருந்து தொடங்கிச் சுற்றிப் பாருங்கள், 4, 4, 3, 2, 4, 3, 2. அதே வரிசை. யார் யாரிடமிருந்து எடுத்தது எண்டு சண்டை பிடிக்க விரும்புறவங்க பிடிக்கலாம். எங்களுக்கு இதில் தெரிவது இரண்டு மொழியும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது என்பதுதான்.

ஒவ்வொரு எண்ணையும் முந்திய சுரத்திலிருந்து ஏறி வரும் தூரமாக எடுத்து, பிறப்பு வரிசையை அலகில் போட்டுப் பார்த்தோம். தாரம்–உழை 13 அலகு. உழை–குரல் 13. குரல்–இளி 13. இளி–துத்தம் 13. துத்தம்–விளரி... 12. விளரி–கைக்கிளை 13.

திரும்பக் கூட்டினம். 12தான். கொப்பியைக் கைமாத்திக் கைமாத்திக் கூட்டினம். அப்பவும் 12. ஆறு கண்ணியில் ஒன்றில் மட்டும் ஒரு அலகு குறைகிறது. அந்த ஒரு அலகு எங்க போச்சு?

இந்தக் கேள்வி எங்களுடையது மட்டும் இல்லை. தஞ்சாவூரில் சித்த வைத்தியம் செய்துவந்த ஆபிரகாம் பண்டிதர் 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்துவான்களைக் கூட்டிக் கூட்டி மாநாடு நடத்தினார். பேச்சின் மையம் சுருதிக் கணக்கு. 12 ராசி, ராசிக்கு 2 அலகு என்றால் மொத்தம் 24 வரவேண்டும். 22 முழுத்தொகை இல்லை, 24இல் இரண்டு குறைக்கப்பட்ட எண் என்பது அவர் வாதம். 3 என்று வருகிற கைக்கிளையும் விளரியும் 4 ஆனால் 24 வந்துவிடும். ஆறு கண்ணியும் அப்போது 14, 14 என்று சமமாக நிற்கும். எங்கட 12 மறைஞ்சு போகும்! 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய் இதை வாதாடினார். அவர் மகள்மார் வீணையில் வாசித்துக் காட்டினார்கள். 1917இல் "கருணாமிர்த சாகரம்" வெளிவந்தது. 1919இல் பண்டிதர் காலமானார்.

அதே 1916இல் மயில்வாகனம் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். இலங்கையிலிருந்து அதில் தேறிய முதல் ஆள். கொஞ்ச காலத்தில் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். பிறகு துறவியாகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். நீண்ட ஆண்டுகள் இந்த எண்களோடு இருந்து எழுதிய யாழ்நூலை 1947 யூன் மாதம் கரந்தைத் தமிழ்ச் சங்கம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றியது. கணக்கின்படி செய்த இசைக்கருவிகளை ஊர்வலமாகக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினார்கள். அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் மறைந்தார். அவர் நின்ற பக்கம் 22.

காதில கேட்டுப் பாத்தம்

ஆர் சரி? நாங்க இரண்டு நாள் கட்சி பிரிஞ்சு சண்டை பிடிச்சம். மட்டக்களப்பார் எண்டதால 22 பக்கம் நிக்க வேணும் எண்டு ஒரு ஆள், 24தான் அழகாப் பொருந்துது எண்டு இன்னொரு ஆள். கடைசியில் ஒருவர் சொன்னது: "இது கணக்கு இல்லடா, சத்தம். கேட்டுப் பாப்பம்."

நரம்பு பின்னத்தில்தான் பேசும். நரம்பின் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் மீட்டினால் ச-வுக்கு ப வரும், அதாவது அதிர்வு 3/2 மடங்கு. 22ஐ ஏற்பவர்கள் 4 அலகை 9/8 என்றும், 3 அலகை 10/9 என்றும், 2 அலகை 16/15 என்றும் எடுப்பார்கள். குரலை 240 ஹேர்ட்ஸ் என்று வைத்துப் பெருக்கினால்: துத்தம் 270, கைக்கிளை 300, உழை 320, இளி 360, விளரி 400, தாரம் கிட்டத்தட்ட 427, மேல் குரல் 480. சரியாக இரு மடங்கில் வந்து நிற்கிறது. கணக்குக்குப் பயந்த ஏழு பேரும் கைதட்டின இடம் இது.

ஆனால் விளரி துத்தத்தில் பிறக்க வேண்டும். துத்தம் 270. அதன் 3/2 மடங்கு 405. எங்களிடம் இருப்பதோ 400!

காணாமல் போன அலகு இங்கதான் நிக்குது. 405க்கும் 400க்கும் நடுவில. போனில் சுருதி எழுப்பும் ஆப் ஒன்றை இறக்கி, ஒரு போனில் 400, இன்னொன்றில் 405 வைத்துச் சேர்த்து ஒலிக்கவிட்டோம். வா-வா-வா எண்டு விநாடிக்கு 5 தரம் துடிக்குது. நீங்களும் செஞ்சு பாருங்க.

விளரியை 400இல் வைத்தால் குரலோடு 5க்கு 3 என்று இனிமையாக இணங்கும், துத்தத்தோடு இடறும். 405இல் வைத்தால் துத்தத்தோடு இணங்கும், குரலோடு இடறும். இரண்டு பேரையும் ஒரே நரம்பால் திருப்திப்படுத்த ஏலாது. 24 அலகையும் சமமாகப் பங்கிட்டால் விளரி 403.6இல் வந்து நிற்கும். யாரோடும் பெரிதாக இடறாது, யாரோடும் முழுதாக இணங்காது. இன்றைய கீபோட்டும் பியானோவும் செய்வது இந்தச் சமாதானத்தைத்தான். சீனாவில் மிங் வம்ச இளவரசர் சூ சாய்யூ 1584இலேயே இந்தச் சமபங்கைக் கணக்கிட்டு எழுதியிருக்கிறார். ஐரோப்பாவும் நூற்றாண்டுக்கணக்காக இதே 5 ஹேர்ட்ஸோடு மல்லுக்கட்டியிருக்கிறது.

அப்படியென்றால் பண்டிதரும் பிழை இல்லை, அடிகளும் பிழை இல்லை. ஒருவர் கண்ணிகள் சமமாக நிற்கவேண்டும் என்ற பக்கத்திலிருந்து பார்த்தார். மற்றவர் பின்னங்கள் தூய்மையாக இருக்கவேண்டும் என்ற பக்கத்திலிருந்து பார்த்தார். அந்த ஒரு அலகை யாரும் திருடவில்லை. அது இயற்கையிலேயே பங்கிட முடியாத மிச்சம். குரல் என்பது ச-வா ம-வா என்றும் அறிஞர்கள் பிரிந்தே நின்றார்கள். 1950களில் எஸ். இராமநாதன் போன்றவர்கள் இதே சிலப்பதிகாரத்தை எடுத்து மீண்டும் கணக்குப் பார்த்தார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் சோதித்ததால்தான் புதிர் இவ்வளவு தூரம் திறந்தது.

எங்களுக்கு உறைத்தது இதுதான். விபுலானந்தருக்கு மாலை போட எங்களுக்குத் தெரியும், அவரோடு கணக்குப் போட யாரும் பழக்கவில்லை. பண்டிதர் பட்டமும் விஞ்ஞானப் பட்டமும் ஒரே ஆளிடம் இருந்த ஊரில், கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது எண்டு நாங்களே நம்பிக்கொண்டு வளந்தம். அவர் எழுதினதைச் சரிபார்க்கிறது மரியாதைக் குறைவு இல்லை. சரிபார்க்கச் சொல்லித்தானே எண்களை எழுதி வச்சார்?

கல்லடிப் பாலத்துக்குக் கீழே வாவியில் மீன் பாடுவது எல்லாருக்கும் தெரிந்த கதை. நீரரமகளிர் பாடுவதாக அடிகளும் பாட்டெழுதினார். அதைக் கேட்க ஒரு வழி இருக்கிறது. நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணிக்குள் விட்டு, மற்ற நுனியைக் காதில் வைக்கவேண்டும். பாலத்தில் நின்று படம் எடுத்தால் கேட்காது. யாழ்நூலும் அப்படித்தான். அடுத்த முறை பரீட்சைக்கு அந்தப் பெயரை எழுத முதல், ஒருக்கா 400ஐயும் 405ஐயும் சேத்து வச்சுக் கேளுங்க. எங்கட கூட்டலில பிழை கண்டா, திருத்திச் சொல்லுங்க.